பம்பு நின்ற பிறகு: ஜிடிஎன்எஃப் பரிசோதனையும் அதன் தன்னார்வலர்களும்

2004 செப்டம்பரில் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் ஆகிய நாடுகளில் சில டஜன் பார்க்கின்சன் நோயாளிகளுக்கு ஒரே செய்தி சென்றது. அவர்களுடைய வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பம்பு பொருத்தப்பட்டிருந்தது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று தோலுக்குள்ளாகவே கழுத்து வழியே ஏறி, மண்டையோட்டைத் துளைத்து, மூளையின் புட்டாமென் பகுதியில் முடிந்தது. அக்குழாய் வழியே சென்றுகொண்டிருந்த மருந்து இனி வராது என்பதே செய்தி. மருந்தின் உரிமையாளரான ஆம்ஜென் நிறுவனம் பரிசோதனையை முற்றாக நிறுத்திவிட்டது.

அம்மருந்து ஜிடிஎன்எஃப் என்னும் புரதம். அமெரிக்காவின் போல்டர் நகரிலிருந்த சினெர்ஜென் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1993-இல் அதைக் கண்டறிந்து அறிவித்தனர். மறு ஆண்டே சினெர்ஜென்னை ஆம்ஜென் விலைக்கு வாங்கியது. லெவோடோபா குறைந்துபோன டோபமினை ஈடு செய்கிறது. அழியும் நரம்பணுக்களைக் காப்பதில்லை. ஜிடிஎன்எஃப் அந்த அணுக்களையே பேணி வளர்க்கக்கூடும் என்பது விலங்காய்வுகள் தந்த நம்பிக்கை. ஆனால் இரத்தத்திலிருந்து மூளைக்குள் இப்புரதம் நுழைய இயலாது. மூளையின் நீரறைக்குள் செலுத்திப் பார்த்த முதல் பரிசோதனை பயனளிக்கவில்லை; குமட்டலும் எடை இழப்புமே மிஞ்சின. பிறகு பிரிஸ்டலின் ஃப்ரென்சே மருத்துவமனையில் நரம்பியல் அறுவை மருத்துவர் ஸ்டீவன் கில் நேரடியாகப் புட்டாமெனுக்குள்ளேயே மருந்தைச் செலுத்தினார். ஐந்து நோயாளிகள் இதற்கு முன்வந்தனர். ஓராண்டில் அவர்களுடைய இயக்கத்திறன் மதிப்பெண் 39 விழுக்காடு மேம்பட்டதாக 2003-இல் வெளியான கட்டுரை கூறியது. கென்டக்கியில் பத்துப் பேரிடம் நடந்த ஆய்வும் அதே திசையில் சென்றது.

இரண்டிலும் கட்டுப்பாட்டுக் குழு இல்லை. ஆகவே ஆம்ஜென் 34 பேரைக் கொண்டு முறையான பரிசோதனை நடத்தியது. எல்லோருக்கும் ஒரே அறுவை சிகிச்சை. பாதிப் பேருக்கு மருந்து, மறுபாதிக்கு வெறும் திரவம். யாருக்கு எது என்பது ஆறு மாதங்கள்வரை மருத்துவருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. முடிவில் மருந்து பெற்றவர்கள் 10 விழுக்காடும், பெறாதவர்கள் 4.5 விழுக்காடும் மேம்பட்டிருந்தனர். புள்ளியியல்படி இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. இதற்கிடையே சில நோயாளிகளின் உடலில் இப்புரதத்தை முறியடிக்கும் எதிர்ப்பொருள்கள் காணப்பட்டன. மிகுந்த அளவு மருந்து பெற்ற குரங்குகளின் சிறுமூளையில் சிதைவு தென்பட்டது. பாதுகாப்பும் உறுதியில்லை, பயனும் உறுதியில்லை என்றது நிறுவனம்.

தன்னார்வலர்கள் இதை ஏற்கவில்லை. சட்டைப் பொத்தானைத் தாமே போட்டுக்கொள்ள முடிந்தவர்களுக்குப் புள்ளியியல் பொருண்மை ஒரு பதிலாகத் தோன்றவில்லை. குழாயின் வடிவமைப்பு பிரிஸ்டலில் பயன்பட்டதிலிருந்து வேறானது, மருந்து சேரவேண்டிய பரப்பைச் சேரவே இல்லை என ஆய்வாளர்களிலேயே ஒரு சாரார் வாதிட்டனர். மாரடைப்பால் இறந்த பிரிஸ்டல் நோயாளி ஒருவரின் மூளையை ஆராய்ந்தபோது, மருந்து சென்ற பக்கத்தில் நரம்பிழைகள் மற்றப் பக்கத்தைவிட மிகுதியாகத் துளிர்த்திருந்தன. அக்கட்டுரை 2005-இல் வந்தது. அதே ஆண்டு நியூயார்க்கிலும் கென்டக்கியிலும் நோயாளிகள் வழக்குத் தொடுத்தனர். ஆறு மாதங்களுக்குப் பின்னும் 24 மாதங்கள்வரை மருந்தைத் தொடரலாம் என்று ஒப்புதல் படிவம் கூறியிருந்தது என்பது கென்டக்கி வழக்கின் அடிப்படை. நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. படிவம் பல்கலைக்கழகத்திற்கும் நோயாளிக்கும் இடையிலானது, நிறுவனம் அதில் கையொப்பமிடவில்லை. பரிசோதனையை நிறுத்தும் உரிமையும் அதே படிவத்தில் இருந்தது. 2006-இல் மேல்முறையீட்டிலும் இதுவே நிலைத்தது. சட்டத்தின் தருக்கம் பிழையற்றதுதான். ஆனால் மண்டையில் துளையிட்டுக்கொண்டவர் யாருடைய ஆய்வுக்காக அதைச் செய்தார் என்ற கேள்வியை அத்தருக்கம் தொடவே இல்லை.

நோயாளியின் சாட்சியத்தை எவ்வளவு நம்பலாம் என்பதும் எளிய கேள்வியன்று. 1982-இல் பால் ஆப்பல்பாமும் அவர்தம் கூட்டாளிகளும், ஆய்வைத் தமக்கான சிகிச்சை என்றே பங்கேற்பாளர்கள் எண்ணிக்கொள்ளும் மயக்கத்தை முதன்முதலில் விவரித்தனர். பார்க்கின்சன் நோயில் இம்மயக்கத்திற்கு ஓர் உடலியல் வேரும் உண்டு. வெற்று மருந்து செலுத்தப்பட்டபோதும் நோயாளிகளின் மூளையில் டோபமின் உண்மையாகவே சுரந்ததை வான்கூவர் ஆய்வாளர்கள் 2001-இல் படமெடுத்துக் காட்டினர். எதிர்பார்ப்பே இங்கு மருந்தின் வேலையைச் சிறிது செய்துவிடுகிறது. எனவே நலமடைந்தேன் என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வதைக் கொண்டு மருந்து வேலை செய்தது என்று முடிவுகட்டவும் இயலாது. கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் மண்டையில் துளையிட வேண்டிய கொடுமை இதனால்தான் நேர்ந்தது.

பிரிஸ்டல் இத்துடன் விடவில்லை. பார்க்கின்சன்ஸ் யூகே அமைப்பின் நிதியில், நரம்பியல் மருத்துவர் ஆலன் வோன் தலைமையில், 41 பேருடன் மற்றொரு பரிசோதனை நடந்தது. ரோபோவின் துணையோடு நான்கு குழாய்கள் மூளைக்குள் பொருத்தப்பட்டன. காதின் பின்புறம் எலும்பில் பதித்த வாயில் வழியே நான்கு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து சென்றது. முதல் ஒன்பது மாதங்கள் பாதிப் பேருக்கு வெற்றுத் திரவம். அடுத்த ஒன்பது மாதங்கள் எல்லோருக்கும் மருந்து. 2019 பிப்ரவரியில் முடிவு வந்தது: 17.3 விழுக்காட்டுக்கு எதிராக 11.8. இம்முறையும் வேறுபாடு போதவில்லை. ஆனால் மூளைப் படங்கள் வேறு கதை கூறின. மருந்து பெற்றவர்களின் புட்டாமெனில் டோபமின் செயல்பாடு 25 முதல் 100 விழுக்காடுவரை உயர்ந்திருந்தது; மற்றவர்களிடம் மாற்றமே இல்லை. மூளை மாறியது, அளவுகோலில் அது பதிவாகவில்லை. ஒன்பது மாதம் போதாததா, அளவுகோல் பிழையா, மருந்தே பயனற்றதா என்பதில் இன்றும் ஒருமித்த கருத்தில்லை.

தற்செயலாக, அடுத்த மாதமே, 2019 மார்ச்சில், இந்தியாவின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் அறிவிக்கப்பட்டன. பரிசோதனை முடிந்த பிறகும் பங்கேற்பாளருக்கு மருந்தை இலவசமாக வழங்க வேண்டிய சூழலை அவ்விதிகள் வரையறுக்கின்றன. ஆய்வாளர் பரிந்துரைக்க வேண்டும், நெறிமுறைக் குழு ஏற்க வேண்டும், மருந்து அந்நபருக்குப் பயன்பட்டிருக்க வேண்டும், அந்நோய்க்கு மாற்றுச் சிகிச்சை இருக்கக் கூடாது. கென்டக்கி நோயாளிகளை இவ்விதியின் முன் நிறுத்திப் பார்த்தால் முதல் நிபந்தனையில் தேறியிருக்கலாம். கடைசி நிபந்தனையில் லெவோடோபா குறுக்கே வந்திருக்கும். நோயின் போக்கை மாற்றாத மருந்தும் மாற்றுச் சிகிச்சைதானா என்பதை விதி விளக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் 2012-இல் தொடுக்கப்பட்ட வழக்கின் அழுத்தமின்றி இவ்வளவும் கிடைத்திருக்காது என்பதையும் மறக்கலாகாது. ஏழைகளைத் தெரியாமலே ஆய்வுப் பொருளாக்கியது பற்றிய வழக்கு அது. தெரிந்தே முன்வந்தவர் ஆய்வு முடிந்தபின் என்னவாவார் என்பது இந்திய விவாதத்தில் இன்னும் ஓரத்திலேயே இருக்கிறது.

ஜிடிஎன்எஃப் இப்போது வேறு வடிவில் திரும்பியுள்ளது. புரதத்துக்குப் பதிலாக, அதை உருவாக்கும் மரபணுவை வைரஸ் ஒன்றில் ஏற்றி ஒரே முறை புட்டாமெனுக்குள் செலுத்தும் பரிசோதனைகள் நடக்கின்றன. பம்பு இல்லை, மாதந்தோறும் மருத்துவமனை செல்லவேண்டியதும் இல்லை. நிறுவனம் நினைத்தாலும் இம்மருந்தை நிறுத்த இயலாது. எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவங்கள் வழக்கமாகத் தரும் உறுதியின் பொருள், தன்னார்வலரைப் பொறுத்தவரை, அறுவை அரங்கின் வாயிலோடு முடிந்துவிடுகிறது.