தொட்டிச் செடி ஏன் வெளிச்சம் பார்த்துச் சாய்கிறது?

நம் குடியிருப்பில் பெரும்பாலான பால்கனிகளுக்கு ஒரு பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வருகிறது. அதனால் தொட்டிச் செடிகள் கம்பிக்கு வெளியே தலையை நீட்டி நிற்கின்றன. சத்துக் குறைவு என்று எண்ணி உரம் போடுகிறவர்களும் உண்டு, குச்சி நட்டு இழுத்துக் கட்டுகிறவர்களும் உண்டு. இந்தச் சாய்வின் காரணத்தைக் கண்டறிய அறிஞர்களுக்கு அரை நூற்றாண்டு ஆனது. அந்தத் தேடல் சூடுபிடித்த இடம் ஒரு வீடு.

பரிணாமக் கொள்கையால் புகழ்பெற்ற சார்லஸ் டார்வின், தம் முதிய வயதில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலிருந்த தம் வீட்டில், மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து செடிகளின் அசைவுகளை ஆராய்ந்தார். பறவைகளுக்குத் தீனியாகும் கேனரிப் புல் விதைகளை முளைக்கவைத்தார்கள். குருத்துகள் வெளிச்சத்தின் பக்கம் வளைந்தன. நுனிக்கு வெள்ளீயத் தகட்டால் சின்னத் தொப்பி போட்டபோது பெரும்பாலானவை வளையவில்லை. நுனியை மட்டும் வெளியே விட்டு, மீதியைக் கறுப்பு மணலில் புதைத்தபோது, மணலுக்குள் இருந்த பகுதி வளைந்தது. வெளிச்சத்தை உணர்வது நுனி, வளைவது அதற்குக் கீழே. ஆகவே ஏதோ ஒரு செய்தி மேலிருந்து கீழே போகிறது என்று 1880-இல் வெளியிட்ட நூலில் எழுதினார்கள்.

ஜெர்மனியின் தலைசிறந்த தாவரவியல் பேராசிரியரான யூலியஸ் சாக்ஸ் அந்த நூலை ஏற்கவில்லை. பிரான்சிஸ் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்தான். இருந்தும், அந்த நூலிலுள்ள வேர் நுனிச் சோதனைகள் தேர்ச்சியில்லாமல் செய்யப்பட்டவை என்று சாக்ஸ் கடுமையாக எழுதினார்.

டென்மார்க்கைச் சேர்ந்த பாய்சன் யென்சன், 1910-க்குப் பின் வந்த ஆண்டுகளில், குருத்தின் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் வைத்து மறுபடி பொருத்தினார். செய்தி அதைக் கடந்து சென்றது, குருத்து வளைந்தது. நிழல் பக்கத்தில் மைக்காத் தகட்டைச் செருகியபோது வளையவில்லை. அப்படியானால் அந்தச் செய்தி, நிழல் பக்கமாக இறங்கும் ஒரு பொருள்.

அந்தப் பொருளைத் தனியே பிடித்தவர் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரைச் சேர்ந்த ஃப்ரிட்ஸ் வென்ட். பகலில் ராணுவப் பணி, இரவில் தந்தையின் ஆய்வுக்கூடம் என்று இருந்த இளைஞர் அவர். ஓட்ஸ் குருத்தின் நுனிகளை வெட்டி அகர் அகர் துண்டின் மேல் சில மணி நேரம் வைத்தார். பிறகு நுனிகளை எடுத்துவிட்டு, அந்தத் துண்டை மட்டும் நுனியில்லாத குருத்தின் ஒரு பக்கத்தில் வைத்தார். இருட்டிலேயே குருத்து எதிர்ப்பக்கம் வளைந்தது. 1926 ஏப்ரலில், விடியற்காலை மூன்று மணிக்கு ஓடிப்போய் அப்பாவை எழுப்பினாராம். பகலில் இன்னொரு முறை செய், சரியான சோதனை என்றால் மறுபடியும் பலிக்கும் என்று தூக்கக் கலக்கத்தில் சொன்னாராம் அப்பா. பலித்தது.

அந்தப் பொருளுக்கு ஆக்சின் என்று பெயர் வந்தது. அது நிழல் பக்கத்தில் அதிகம் சேர்கிறது. அந்தப் பக்கத்துச் செல்கள் கூடுதலாக நீள்வதால் செடி வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது. ஆகவே சாய்வது நோயல்ல. உரத்துக்கும் குச்சிக்கும் முன்னால், வாரம் ஒருமுறை தொட்டியைக் கால் சுற்று திருப்பி வைத்துப் பாருங்கள்.

துளசியின் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் வெடிக்கும் என்று நம் பாட்டிமார் அறிந்திருந்ததற்கும் இதுவே முக்கியக் காரணம். நுனியிலிருந்து இறங்கும் ஆக்சின், பக்க மொட்டுகளை அடக்கி வைத்திருக்கிறது.

விடுமுறையில் பிள்ளைகளும் டார்வினின் சோதனையைச் செய்யலாம். கோதுமையை இருட்டில் முளைக்கவையுங்கள். இலை விரியும் முன்பே, பாதிக் குருத்துகளுக்கு அலுமினியத் தாளில் குட்டித் தொப்பி போட்டு, பக்கவாட்டில் ஓட்டையுள்ள அட்டைப் பெட்டிக்குள் வெளிச்சம் படும்படி வையுங்கள். எது வளைகிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்று மறுநாள் அவர்களே சொல்வார்கள். சரியாக வராவிட்டால், வென்ட்டின் அப்பா சொன்னதுபோல் இன்னொரு முறை செய்யட்டும்.