உதைபந்தும் காற்பந்தும்: ஒரு விளையாட்டின் பெயர் வரலாறு

ஒரு பொருளுக்குப் பல பெயர் வழங்குவதும், ஒரு பெயர் பல பொருளைக் குறிப்பதும் மொழியியலார் நன்கறிந்த செய்திகளாகும். எனினும், ஒரே விதிக்கோவையின்கீழ் உலகெங்கும் ஆடப்பெறும் ஒரு விளையாட்டு நாட்டுக்கு நாடு வேறு பெயர் பெற்றிருப்பதேன் என்ற வினா, சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடுவதன்று. சமூக வரலாற்றையும் அது தொடுகின்றது. இலங்கையின் மத்திய மலைநாட்டில், நுவரெலியா மாவட்டத்து டயகமத் தோட்டங்களில் வாழும் மாணவன் அவ்விளையாட்டை 'உதைபந்தாட்டம்' என எழுதுகின்றான். அவனுக்கு உறவினனாகி நீலகிரியில் வாழும் மாணவனோ 'கால்பந்து' என எழுதுகின்றான். இருவர்க்கும் தாய்மொழி தமிழே. இருவரும் ஆடுவதும் ஒன்றே. இவ்வேறுபாடு தோன்றியவாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், 'புட்போல்' என்ற ஆங்கிலப் பெயரே தொடக்கத்தில் ஒரு விளையாட்டை மட்டும் குறித்ததன்று என்பது மனங்கொளத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பெரும் பாடசாலைகள் ஒவ்வொன்றும் தத்தமக்கென விதிகளை வகுத்து அப்பெயரால் ஆடிவந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தும் பொருட்டு 1863ஆம் ஆண்டு ஒக்டோபர் 26ஆம் நாள் இலண்டனில் கழகப் பிரதிநிதிகள் கூடிச் சங்கமொன்றை நிறுவினர். பந்தைக் கையிலேந்தி ஓடலாமா, எதிராளியின் முழந்தாளின்கீழ் உதைக்கலாமா என்பன பற்றி எழுந்த பிணக்கினால் பிளாக்ஹீத் கழகம் அச்சங்கத்தினின்றும் விலகியது. கையிலேந்தி ஓடும் ஆட்டத்தை விரும்பியோர் 1871இல் றக்பி புட்போல் ஒன்றியத்தை அமைத்தனர். இங்ஙனம் 'புட்போல்' இரண்டாகப் பிரிந்தமையால் ஒவ்வொன்றுக்கும் அடைமொழி வேண்டியதாயிற்று. ஒன்று 'அசோசியேசன் புட்போல்' எனவும், மற்றது 'றக்பி புட்போல்' எனவும் வழங்கலாயின. சொற்களைச் சுருக்கி ஈற்றில் 'அர்' ஒலியைச் சேர்த்துப் பேசும் ஒக்ஸ்போட் மாணவர் வழக்கம் 'றக்பி'யை 'றக்கர்' ஆக்கியது. 'அசோசியேசன்' என்பதன் இடையிலிருந்து 'சொக்கர்' என்ற சொல்லையும் பிறப்பித்தது. எனவே, 'சொக்கர்' அமெரிக்கரின் ஆக்கம் என்று பலர் கருதுவது பொருந்தாது. அது இங்கிலாந்திற் பிறந்து, அங்கும் நெடுங்காலம் வழங்கிய சொல்லாகும்.

இவ்விளையாட்டுகள் கடல் கடந்து சென்றபோது, எந்த மண்ணில் எது முதலில் வேரூன்றியதோ அதுவே அடைமொழியற்ற பொதுப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே பல்கலைக்கழகங்கள் றக்பியைத் தழுவி, பின்னர் 1880 தொடக்கம் அதன் விதிகளை மாற்றித் தமக்கென ஓர் ஆட்டத்தை உருவாக்கின. 'புட்போல்' என்ற பெயர் அதற்கே உரியதாயிற்று. அந்நாட்டில் 1913இல் நிறுவப்பெற்ற புட்போல் சங்கம் 1945இல் 'சொக்கர்' என்ற சொல்லைத் தன் பெயரிற் சேர்த்தது. 1974இல் 'புட்போல்' என்பதை அறவே நீக்கியது. அவுஸ்திரேலியாவில் 1859இலேயே மெல்பேண் விதிகள் எழுதப்பட்டிருந்தன. அயர்லாந்தில் 1884 முதற் கேலிக் விளையாட்டுச் சங்கம் செல்வாக்குப் பெற்றது. இவ்விரு நாடுகளிலும் அசோசியேசன் ஆட்டமே அடைமொழி தாங்க நேர்ந்தது. மறுதலையாக, அவுஸ்திரேலியச் சம்மேளனம் 2005இலும் நியூசீலாந்துச் சம்மேளனம் 2007இலும் 'சொக்கர்' என்பதைக் கைவிட்டுப் 'புட்போல்' என்பதை மேற்கொண்டன. பொதுப்பெயரை மீட்பது தகுதியை நிலைநாட்டுவதாகும் என்று அவை எண்ணின போலும்.

ஆங்கிலமல்லாத மொழிகளில் இப்பெயர் மூவகையாக அமைந்துள்ளது. முதல்வகை உறுப்பினால் வந்த பெயர். ஜேர்மனியரின் 'புஸ்பால்', சீனரின் 'சூச்சியூ', சிங்களத்தில் வழங்கும் 'பாபந்து' ஆகிய மூன்றும் காலையும் பந்தையும் இணைத்தவை. இரண்டாம் வகை தொழிலினால் வந்த பெயர். ஹங்கேரியரின் 'லொப்டோறூகாஸ்' பந்துதைத்தல் என்றும், கொரியரின் 'சுக்கு' உதைபந்து என்றும் பொருள்படும். மூன்றாம் வகை பழம்பெயரைப் புத்தாட்டத்துக்கு இட்டது. இத்தாலியச் சம்மேளனம் 1898இல் ஆங்கிலச் சொல்லோடு தொடங்கி, 1909இல் புளோரன்ஸ் நகரத்துப் பழைய ஆட்டமொன்றின் பெயராகிய 'கால்சியோ'வை ஏற்றுக்கொண்டது.

தமிழுக்கும் பழம்பந்தாட்டம் உண்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் அமைந்த கந்துகவரி, மகளிர் பந்தடித்துப் பாடும் பாட்டாகும். ஆயின் அது கையால் ஆடும் ஆட்டம். ஆகவே 'பந்தாட்டம்' என்று வாளா கூறின் புதிய விளையாட்டுப் பெறப்படாது, அடைமொழியொன்று வேண்டும். அவ்வடைமொழியைத் தேர்ந்தவிடத்தே தமிழுலகம் இரு வழிப்பட்டது. தமிழ்நாட்டார் உறுப்பைக் கொண்டனர். ஈழத்தார் தொழிலைக் கொண்டனர். இலக்கண நோக்கிற் 'கால்பந்து' என்பது 'காலால் ஆடும் பந்து' என விரியும். மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகும். 'உதைபந்து' உதைத்த பந்து, உதைக்கின்ற பந்து, உதைக்கும் பந்து என முக்காலத்துக்கும் ஏற்கும் வினைத்தொகையாகும். அதனாலேயே அங்கு வல்லெழுத்து மிகவில்லை. வேற்றுமைப் புணர்ச்சியில் லகரம் றகரமாகத் திரியவேண்டுமாதலின் 'காற்பந்து' என்பதே இலக்கணத்தோடு இயைந்த வடிவம். தமிழ்நாட்டுச் செய்தித்தாள்கள் 'கால்பந்து' என்று இயல்பாகவே எழுத, சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'காற்பந்து' என்ற திரிந்த வடிவம் இன்றும் அச்சேறுகின்றது. ஆகத் தமிழுக்குள்ளேயே ஒரு விளையாட்டு மூன்று வடிவப் பெயர்களைப் பெற்றுள்ளது. கிரிக்கெட்டுக்கு இலங்கையில் 'துடுப்பாட்டம்' என்றும் தமிழ்நாட்டில் 'மட்டைப்பந்து' என்றும், வொலிபோலுக்கு முறையே 'கரப்பந்தாட்டம்' என்றும் 'கைப்பந்து' என்றும் பெயர் வழங்குவதும் ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது.

இனி, மலைநாட்டின் நிலைமையை நோக்குவோம். பிரித்தானியர் இலங்கையில் 'புட்போல்' என்ற பெயரால் முதலில் நிறுவிய கழகம் றக்பிக் கழகமே. 1879இல் தோன்றிய கொழும்பு புட்போல் கழகம் அத்தகையது. மலைநாட்டிலும் தோட்டத்துரைமார் பெரிதும் விரும்பியவை கிரிக்கெட்டும் றக்பியுமாம். றதல்லையிலும் டறவெல்லையிலும் அவர்தம் கழகங்களின் மைதானங்கள் அமைந்தன. தேயிலை நிறைந்த மலைச்சாரலில் சமதரையே அரிதாயிருக்க, கிடைத்த நல்ல சமதரையிலும் துரைமாரின் ஆட்டமே நடந்தது. தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எஞ்சியவை பெரட்டுக்களமும் லயத்து முற்றமும் போன்ற சிற்றிடங்களே. அங்கே ஆடத்தக்கது பந்தொன்றைத் தவிர வேறு கருவி வேண்டாத உருண்டைப்பந்து ஆட்டமாகும். அதனை அவர்கள் 'பந்தடி' என்றும் 'புட்போல்' என்றும் பேச்சுவழக்கிற் குறித்தனர். இவற்றுள் முன்னையது தம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவந்த சொல். பின்னையது துரைமாரிடமிருந்து கேட்டறிந்த சொல்.

'உதைபந்தாட்டம்' என்ற நூல்வழக்குச் சொல் தோட்டங்களிற் பரவியமைக்குக் கல்வியே முதன்மைக் காரணமெனலாம். இலங்கையில் இலவசக் கல்வி 1945இல் நடைமுறைக்கு வந்தபோதிலும், தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகத்தின் கீழேயே கிடந்தன. 1970களில் தோட்டங்கள் தேசியமயமாக்கப்பட்டதைத் தொடர்ந்தே அவை படிப்படியாக அரசாங்கத்தின் பொறுப்பாயின. அரசாங்கப் பாடநூல்களின் தமிழ் ஈழத்துக் கல்விமரபில் வளர்ந்த தமிழாகும். வானொலியின் விளையாட்டுச் செய்திகளும் அத்தமிழிலேயே ஒலித்தன. எனவே, திருச்சி, மதுரை, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்தோரின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் மாநிலத்தார் வழங்காத ஒரு சொல்லைத் தமக்குரியதாக ஏற்றனர். நாட்டோடு ஒன்றிணைந்தமைக்கு அச்சொல் ஒரு சான்றென்று கொள்ளலாம்.

ஆனால், அதே காலத்தில் அரசியல் அவர்களை இரு கூறாக்கியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். விண்ணப்பத்தில் யார் எந்நாட்டைக் கோரினர் என்பதற்கேற்பக் குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கியோருட் பலர் நீலகிரியிற் குடியேறினர். தமிழ்நாடு அரசு அவர்களுக்கு வேலையளிக்கும் பொருட்டு 1968 முதல் அங்கே தேயிலைத் தோட்டங்களை உருவாக்கியது. அவர்தம் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடநூலைக் கையிலெடுத்தனர், உதைபந்து கால்பந்தாயிற்று. சொல்லாக்கக் குழுவெதுவும் கூடி இதனை முடிவு செய்யவில்லை. இரு பிரதமர்கள் இட்ட கையொப்பமே ஒரு குடும்பத்துக்குள் ஒரு விளையாட்டுக்கு இரு பெயரைத் தந்தது.

பொதுப்பெயர் முன்வந்தவனுக்கும் அடைமொழி பின்வந்தவனுக்கும் உரியதாதல் விளையாட்டுக்கு மட்டும் உரிய நியதியன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இம்மக்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே பிரித்தெழுதிற்று. நீலகிரிக்குச் சென்றோரோ அங்கே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இங்கிருந்தபோது இந்தியரும், அங்கு சென்றபோது இலங்கையரும் ஆயினர். தாமே தமக்கிட்டுக்கொண்ட 'மலையகத் தமிழர்' என்ற பெயர் நிலைபெறுவதற்குப் பல்லாண்டு உழைக்க வேண்டியிருந்தது. நாடற்றோராய் எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

மேற்கூறியவற்றால், ஒரு விளையாட்டின் பெயர் அதன் இயல்பினால் மட்டும் அமைவதன்று என்பதும், மைதானம் யாருடையது, பாடநூல் யாருடையது, எல்லைக்கோடு எங்கே வரையப்பட்டது என்பனவற்றாலும் அமைவது என்பதும் பெறப்படும். அங்ஙனமாயின், உதைபந்து சரியோ கால்பந்து சரியோ என்று வழக்காடுவதிற் பயனில்லை. இரண்டும் தமிழிலக்கணத்துக்குள் அடங்கும் நற்றொகைகளே. தமிழகத்துச் சஞ்சிகையிற் கண்ட 'கால்பந்து' என்ற சொல்லை விடைத்தாளில் எழுதிய தோட்டத்து மாணவனுக்குப் புள்ளி குறைக்கும் ஆசிரியரும், 'உதைபந்து' என்பதைக் கொச்சையெனக் கருதும் தமிழகத்தாரும் இவ்வரலாற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கலைச்சொற்றொகுதி வெளியிடுவோர் இரண்டையும் அவை வழங்கும் இடத்தோடு சேர்த்துக் குறித்துவைத்தல் தகும். சொற்களுள் ஒன்றை நீக்கினால், அச்சொல்லோடு வாழ்ந்த மக்களின் வரலாற்றில் ஒரு பகுதியும் உடன் நீங்கிவிடும்.