ஈரத் தோலின் பயணம்

புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் விளக்கு வைக்கும் நேரம்தான் நான் பாட்டுக் கேட்கும் நேரம். நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’, ரேடியோஹெட்டின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ என்று ஓடிக்கொண்டிருந்த வரிசைக்குள், சில மாதங்களாக ரிமெம்பர் சக்தி குழுவின் ‘தி பிலீவர்’ (2000) வந்து உட்கார்ந்துகொண்டது. அதில் ஜான் மெக்லாக்லினின் கிதாரோடு வி. செல்வகணேஷின் கஞ்சிரா பேசுகிறது. அந்தக் கஞ்சிரா புறப்பட்டது எங்கள் புதுக்கோட்டையிலிருந்து.

பஜனையில் தாளம் தட்டும் சின்னக் கருவியாக இருந்ததைத் திருத்தி, கச்சேரி மேடையில் மிருதங்கத்தின் பக்கத்தில் உட்காரவைத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை (1859–1922). பலாமர வளையம், ஒரு பக்கம் அந்நாளில் உடும்புத் தோல், ஓரத்துத் துளையில் குலுங்கும் காசுகள். அவ்வளவுதான் கருவி. வாசிக்கும் முன் தோலின் உட்புறம் தண்ணீர் தடவுவார்கள். தோல் தளர்ந்தால்தான் அடிக்குரல் பிறக்கும். வலது கை தட்ட, வளையத்தைப் பிடித்திருக்கும் இடது கை விரல்கள் தோலை அழுத்தி ஒலியை வளைக்கும்.

மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து அது சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் கைக்குப் போனது. பின்னாளில் பழனி சுப்பிரமணிய பிள்ளை வாசித்தார். ஜி. ஹரிசங்கர் (1958–2002) அதைத் தனிப்பெரும் வாத்தியமாகவே ஆக்கிக் காட்டினார். அவரிடம் கற்றவர் செல்வகணேஷ். 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் உடும்பைக் காத்தது. அதனால் இன்று ஆட்டுத்தோலிலும் செயற்கைத் தோலிலும் கஞ்சிரா செய்கிறார்கள். 2024 பிப்ரவரியில் மெக்லாக்லினின் சக்தி குழுவின் ‘திஸ் மொமண்ட்’ கிராமி விருது பெற்றபோது, அந்த ஆல்பத்திலும் செல்வகணேஷின் கஞ்சிரா இருந்தது.

எங்கள் கோயில் பிரகதாம்பாளின் உருவத்தைப் பொறித்துப் புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான்கள் அம்மன் காசு அடித்தார்கள். கஞ்சிராவில் காசு குலுங்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் செப்புக் காசுதான் கண்முன் வருகிறது. மெக்லாக்லினின் கிதார் எத்தனை வேகமாக ஓடினாலும் என் காது அந்தக் குலுங்கலுக்கே திரும்புகிறது. கிதார் ஓய்ந்து, ஈரத் தோலில் கும்கி என்னும் வளைந்த அடிக்குரல் ஒன்று கீழே இறங்கி, அதன் மேல் காசு அடங்கும் இடம் ஒன்று உண்டு. அதை மட்டும் பின்னால் ஓட்டி மறுபடி கேட்கிறேன். பஜனைக் கூடத்துத் தரையில் யாரோ ஒருவர் தண்ணீர்க் கிண்ணத்தை அருகில் இழுத்து வைப்பதுபோல் இருக்கிறது.