பக்கெட்டில் இருப்பது யாருடைய பெயர்?



பதுளைக்குச் சாமான் வாங்கப் போய் வருகிற பலர் இப்போது ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். சுப்பர் மார்க்கெட்டில் பழகிய பக்கெட்டுகள் ஓரமாகின்றன. பருப்பு, சீனி, உப்பு, சவர்க்காரத் தூள் என்று எதைத் தொட்டாலும் கடையின் சொந்தப் பெயர்தான். விலையும் கொஞ்சம் குறைவு. இது நல்லதா, கெட்டதா? பதில் சொல்லுமுன் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ஏனென்றால், கடைக்காரர் தன் பெயரைப் போட்டுச் சாமான் விற்கும் இந்த வியாபாரத்தின் ஒரு பெரிய அத்தியாயம் நம் ஊவா மலையில்தான் நடந்தது.

தோமஸ் லிப்டனை நாம் தேயிலைத் துரை என்றே நினைக்கிறோம். ஆனால் அவர் முதலில் ஒரு பலசரக்குக் கடைக்காரர். 1871இல் கிளாஸ்கோ நகரில் முதல் கடையைத் திறந்து, பிறகு பிரிட்டன் முழுவதும் கடைகளைப் பரப்பினார். 1890இல் இலங்கைக்கு வந்தார். கோப்பிச் செடிகள் நோயில் அழிந்து, தோட்டங்கள் கைமாறிய காலம் அது. ஹப்புத்தளைப் பக்கம் டம்பேத்தன்ன உட்படச் சில தோட்டங்களை வாங்கினார்.

அன்று பிரிட்டனில் பெரும்பாலும் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துத்தான் கொடுப்பார்கள். லிப்டன் அதை இறாத்தல், அரை இறாத்தல், கால் இறாத்தல் பக்கெட்டுகளில் அடைத்தார். அதில் தன் பெயரை அச்சிட்டு, தன் கடைகளிலேயே மலிவாக விற்றார். அங்குள்ள தொழிலாளர் வீடுகளுக்கும் நிறை குறையாத தேயிலை கிடைத்தது. அது நன்மைதான்.

ஆனால் இன்னொன்றும் நடந்தது. அவருடைய தோட்டங்களின் தேயிலை மட்டும் அத்தனை கடைகளுக்கும் போதாது. மற்றவர்களிடம் வாங்கிய தேயிலையும் கலந்து அதே பக்கெட்டுக்குள் போனது. எந்தத் தோட்டம், எந்த மலை என்பது வாங்குபவருக்குத் தெரியவில்லை. கொழுந்து பறித்தவரின் பெயர் ஒருநாளும் பக்கெட்டில் இருந்ததில்லை. இப்போது தோட்டத்தின் பெயரும் போனது. லிப்டனின் பலசரக்குக் கடைகள் இன்று இல்லை. அந்தப் பெயர் மட்டும் உலகம் முழுக்க விற்கிறது.

இனி நம் பக்கத்துக் கதைக்கு வருவோம். நம் பாட்டன்மார் காலத்தில் பருப்புக்கும் சீனிக்கும் பெயரே கிடையாது. சாக்கிலிருந்து அள்ளி, நிறுத்து, கடதாசியில் சுற்றிக் கொடுத்தார்கள். தோட்டங்களில் அரிசியைக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்தார்கள். 1942இல் யுத்தத்தின் நடுவே பங்கீடு வந்தது. சங்கக் கடைகள் பெருகின. 1949இல் சதொச என்று நாம் சொல்லும் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் உருவானது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதும்தான் பளபளக்கும் பக்கெட்டுகள் கிராமத்துக் கடை வரைக்கும் வந்தன.

ஆகவே, நாம் 'பழகிய பெயர்' என்று சொல்பவற்றில் பல அப்படியொன்றும் பழையவை அல்ல. அதற்கு முன் சாமானுக்குப் பொறுப்பாக நின்றது கடை நானாவின் வாக்குத்தான். பருப்பில் கல் இருந்தால் அவரிடமே திருப்பிக் கொண்டுபோகலாம். சம்பளம் வரும்வரை கொப்பியில் எழுதிக்கொள்ளவும் செய்தார்.

இன்று மறுபடியும் கடையே பொறுப்பு என்கிறது. ஆனால் இந்தக் கடை நம்மை அறியாது, கொப்பியும் கிடையாது. இது நடக்கும் விதம் எளிது. கடை வேறொரு தொழிற்சாலையிடம் சொல்லிச் சாமானைச் செய்விக்கிறது. விளம்பரச் செலவு குறைவு, அதனால் விலை குறைவு. எது எவ்வளவு விற்கிறது என்ற கணக்கும், தட்டும் கடையின் கையில். கண்ணுக்கு நேரான தட்டில் தன் பக்கெட்டை வைத்தால், சிறிய உற்பத்தியாளருக்கு இடமில்லை. அவரும் கடைசியில் கடையின் பெயரில் செய்து கொடுக்க வேண்டியதுதான். கடை விலையைக் குறைக்கச் சொன்னால் மறுக்க அவருக்குச் சொந்தப் பெயர் இருக்காது.

சில நேரம் கடையின் பெயர் வெளியே தெரியாது. கிஸ்ட் ஜேமும் கொத்மலைப் பாலும் கார்கில்ஸ் குழுமத்தைச் சேர்ந்தவை. எலிபன்ட் ஹவுஸும் கீல்ஸ் சுப்பர் மார்க்கெட்டும் ஒரே ஜோன் கீல்ஸ் குழுமம். பழைய பெயர் அப்படியே இருக்கும், கடையும் அதே கையில் இருக்கும்.

இதற்காக மலிவானதை வாங்கக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. 2022இல் பால்மாவுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற ஊர் இது. நாட்சம்பளத்தில் வாழும் வீட்டுக்குப் பத்து ரூபாயும் பெரிய காசு. ஆனால் பார்த்து வாங்குவோம். பக்கெட்டின் விலையை மட்டும் பார்க்காமல் நிறையோடு சேர்த்துப் பார்ப்போம். சின்ன எழுத்தில் யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்று வாசிப்போம். ஒரு நிறுவனத்தின் பொருளுக்கு ஹலால் சான்று இருந்தால், கடைப் பெயரில் வரும் அதே மாதிரிப் பொருளுக்கும் இருக்கும் என்று எண்ண வேண்டாம். அந்தப் பக்கெட்டிலேயே தேடுவோம். அச்சிட்ட விலைக்கு மேல் கேட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம்.

கொப்பி வைத்திருக்கும் ஊர்க் கடையையும் மறக்க வேண்டாம். கையில் காசு உள்ள நாளில் சுப்பர் மார்க்கெட், இல்லாத நாளில் நானா கடை என்றால் அந்தக் கொப்பி எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பிள்ளைகளுக்கும் ஒரு வேலை கொடுங்கள். வீட்டிலுள்ள தேயிலைப் பக்கெட்டை எடுத்து, அதில் ஊவா என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வரண்ட காற்றில் நம் மலைத் தேயிலைக்கு வரும் வாசத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. அதைப் பறிப்பவர்களின் பிள்ளைகளுக்காவது அது தெரிந்திருக்க வேண்டும்.