வாய் திறந்திருக்கிறவரிடம் யார் கேட்டார்கள்?

மயக்க மருந்தின் வரலாற்றைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு பல் மருத்துவர் வந்து நிற்கிறார். யோசித்தால் காரணம் புரியுது. கை கால் வெட்டுவதெல்லாம் அன்றைக்கு எப்போதாவது நடப்பது. பல் பிடுங்குவது தினசரி வேலை. வலிக்குப் பயந்து திரும்பிப் போகிறவர்களைத் தினமும் பார்த்தவர்கள் பல் மருத்துவர்கள்தான்.

1844 டிசம்பர் 10. அமெரிக்காவில் ஹார்ட்ஃபர்ட் நகரம். கார்ட்னர் கோல்ட்டன் என்பவர் டிக்கெட் போட்டு, சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடு வேடிக்கை காட்டினார். வாயுவை முகர்ந்து துள்ளிய ஒருவருக்குக் காலில் அடிபட்டது, ஆனால் வலியே தெரியவில்லை. கூட்டத்தில் இருந்த பல் மருத்துவர் ஹோரஸ் வெல்ஸ் அவரிடம் போய் விசாரித்தார். எனக்குப் பிடித்த இடம் இதுதான். மற்றவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது ஒருத்தர் மட்டும், "வலிச்சுதா?"ன்னு கேட்டிருக்கிறார். மறுநாளே தன் கடைவாய்ப் பல்லையே பிடுங்கச் சொல்லிச் சோதித்தும் பார்த்துவிட்டார்.

அடுத்த மாதம் பாஸ்டனில், மருத்துவ மாணவர்கள் முன்னால் செய்துகாட்டினார். வாயுப் பையைச் சற்று முன்னதாகவே எடுத்துவிட்டார்கள். பல்லைப் பிடுங்கும்போது அந்த ஆள் கத்திவிட்டார். அவ்வளவுதான், ஏமாற்று வேலை என்று அரங்கமே எள்ளி நகையாடியது. கத்தியவரோ பிறகு, கொஞ்சம் வலித்தது, ஆனால் வழக்கமாகப் பல் பிடுங்கும்போது இருக்கிற அளவுக்கு இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். அதை வெல்ஸே எழுதி வைத்திருக்கிறார். பிடுங்கப்பட்டது யாருடைய பல்லோ அவருடைய வார்த்தைக்கு அந்த அறையில் மதிப்பில்லை. சத்தம் கேட்டது, தீர்ப்பு எழுதியாச்சு. வெல்ஸ் அதிலிருந்து மீளவே இல்லை. 1848-ல் நியூயார்க் சிறையில் இறந்தபோது அவருக்கு 33 வயது.

அவருடைய பழைய கூட்டாளி வில்லியம் மார்ட்டன் வேறு ரகம். 1846 செப்டம்பர் 30 இரவு, பல்வலியோடு ஈபன் ஃப்ராஸ்ட் என்கிற இசைக்காரர் அவரிடம் வந்தார். பயந்துபோய், வசியம் செய்து பிடுங்க முடியுமா என்று கேட்டார். அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது என்றார் மார்ட்டன். கைக்குட்டையில் ஈதரை நனைத்து முகரக் கொடுத்தார், பல் வந்துவிட்டது. அன்றிரவே ஃப்ராஸ்ட்டிடம் சான்று எழுதி வாங்கினார். மறுநாள் பாஸ்டன் பத்திரிகையில் செய்தி! நோயாளியின் வாய்ச்சொல்லுக்கு என்ன பலம் என்பது மார்ட்டனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

ஆனால் முகரக் கொடுத்தது என்ன என்பதை மட்டும் மூடி மறைத்தார். ஈதரில் வாசனையும் நிறமும் கலந்து, 'லீத்தியன்' என்று பெயர் சூட்டி, அந்த நவம்பரில் காப்புரிமையும் வாங்கினார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை அறுவை மருத்துவர்கள், மருந்து என்னவென்று தெரியாமல் மேற்கொண்டு பயன்படுத்த மாட்டோம் என்று நெருக்கிய பிறகே உண்மையைச் சொன்னார். மருத்துவர்கள் கேட்டால் பதில் வரும். நாற்காலியில் சாய்ந்திருப்பவர் எப்படிக் கேட்பது? இன்றைக்கும் வாயில் பஞ்சும் உறிஞ்சுகுழாயும் வைத்துவிட்டுத்தானே, "வேர் சிகிச்சை பண்ணிடலாமா சார்?" என்கிறார்கள். நாம "ம்ம்" என்றால் அதுதான் சம்மதம். பில் வந்த பிறகுதான் மூணு பல்லுக்கு என்று தெரியும்.

கோல்ட்டன் கதையில் திரும்பவும் வருகிறார். 1863-ல் அதே வாயுவோடு நியூயார்க்கில் பல் பிடுங்கும் நிலையம் திறந்தார். வலியில்லாமல் பல் எடுத்துக்கொண்டோம் என்று வந்தவர்களிடம் ஒரு நீளச் சுருளில் கையெழுத்து வாங்க ஆரம்பித்தார். நல்ல விளம்பரம், சந்தேகமில்லை. இருந்தாலும் வெல்ஸுக்குக் கிடைக்காமல் போன சாட்சியும் அதுதான். சுருள் வளர்ந்துகொண்டே போய், ஒரு லட்சம் பெயர்களைத் தாண்டியது.