கோபம் பம்பாயிலிருந்து வந்தது

இந்தி சினிமாவின் எழுபதுகள் என்றால் 'கோபக்கார இளைஞன்' என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோபத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1974 மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம். 1975 ஜூனில் நெருக்கடிநிலை. இரண்டுக்கும் நடுவில், 1975 ஜனவரியில், சலீம்-ஜாவேத் எழுதிய 'தீவார்'. துறைமுகத்தில் மூட்டை சுமந்து கடத்தலுக்குப் போகிற அதன் நாயகனுடைய அப்பா, தோற்றுப்போன தொழிற்சங்கத் தலைவர். அந்தத் தோல்வி இல்லாமல் இவன் இல்லை.

தமிழுக்கு இந்தக் கோபம் மறுஆக்கமாகவே வந்து சேர்ந்தது. 'ஜஞ்சீர்' 1974இல் எம்.ஜி.ஆரின் 'சிரித்து வாழ வேண்டும்' ஆனது. 'டான்' 1980இல் ரஜினிகாந்தின் 'பில்லா'. 'தீவார்' 1981இல் 'தீ'. இதே ஆண்டுகளில்தான் எங்கள் தேனிப் பக்கத்து ஆட்கள் தமிழ் சினிமாவைப் புரட்டிப் போட்டார்கள். பண்ணைப்புரத்து இளையராஜாவின் 'அன்னக்கிளி' 1976. அல்லிநகரத்து பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977. வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து 1980இல் வந்து சேர்ந்தார். எங்கள் ஊர் டீக்கடையில் உட்கார்ந்தால் இன்றைக்கும், "இந்திப் பாட்ட வெரட்டுனதே நம்ம ராசாதாம்ப்பா" என்று நாலு பேராவது சொல்வார்கள். 1965இல் இந்தியை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாநிலம்தான் 'ஆராதனா'வையும் 'பாபி'யையும் கொண்டாடியது என்பதால் அந்தப் பெருமை எனக்கும் புரிகிறது. ஆனால் பாதி உண்மை. பாட்டு போனது, கதை தங்கிவிட்டது.

கோபம் எங்களிடம் இல்லாத சரக்கா என்ன? இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்தவர். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் நடுவே பாடியவர். தம்பிகள் வளர்ந்ததே அந்த மேடைகளில்தான். கோடம்பாக்கம் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் வாங்கிக்கொண்டது, மேடைப் பாட்டை வாசலிலேயே நிறுத்திவிட்டது. கிராமம் என்றால் மண்வாசனை என்று ஒரு சொல்லாடல் கட்டப்பட்டது. அதில் கூலி எவ்வளவு, நிலம் யாருடையது என்ற கேள்விகள் அபூர்வம். இத்தனைக்கும் '16 வயதினிலே'யில் பார்த்த மண் பெரும்பாலும் மைசூர், கொள்ளேகால் பக்கத்து மண். ('ஷோலே'யின் கிராமத்தை எழுப்பியதும் கர்நாடகத்து ராமநகரத்தில்தான்!)

'நிழல்கள்' என்ன ஆயிற்று என்று பாருங்கள். மூவரும் ஒன்றுசேர்ந்த முதல் படம், 1980. படித்துவிட்டு வேலையில்லாமல் நகரத்தில் அல்லாடும் இளைஞர்கள் கதை. பம்பாயில் வாங்காமல் சொந்தமாகச் செய்த கோபம். படம் விழுந்தது, பாட்டு மட்டும் நின்றது. அதே ஆண்டு 'பில்லா' பிய்த்துக்கொண்டு ஓடியது. மறு ஆண்டே பாரதிராஜா 'அலைகள் ஓய்வதில்லை' என்று காதலுக்குப் போய் ஜெயித்தார். எதிர்த் திசையிலும் இதே கதிதான். '16 வயதினிலே'யை அவரே ஸ்ரீதேவி, அமோல் பாலேகரை வைத்து 1979இல் 'சோல்வா சாவன்' என்று இந்தியில் எடுத்தார். வடக்கே எடுபடவில்லை. கோபம் அவர்களுக்கு, மண் நமக்கு என்று சந்தை பாகம் பிரித்துவிட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது. கீழ்வெண்மணியைத் தொட்ட 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' (1983) போன்றவை விதிவிலக்குகள்.

வைகை அணைக்கு ஊரைப் பறிகொடுத்து வடுகபட்டிக்கு வந்த குடும்பம் வைரமுத்துவுடையது. 'முதல் மரியாதை' (1985) பாடல்களுக்கு அவருக்கு தேசிய விருது கிடைத்தது. மூழ்கிய ஊர்களின் கதை அந்தப் பத்தாண்டுப் படங்களுக்குள் வரவில்லை. அது 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்று நாவலாகி, 2003இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கியது.