ஆழம் தெரியாமல் மீனை விடாதே

பெரம்பலூர், அரியலூர் பக்கத்துக் கிராமங்களில் மீன் வளர்ப்பைப் பற்றிப் பேசப் போனால், ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. "சார், ஊட்டி மலையில டிரவுட்னு ஒரு மீன் இருக்காமே, நல்ல விலை போகுதாமே. நம்ம குவாரித் தண்ணியில அதை விட்டா என்ன?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். சுண்ணாம்புக்கல் வெட்டி முடித்த பள்ளங்கள் நம் பகுதியில் பல இருக்கின்றன. தண்ணீர் நீலமாக, ஆழமாக நிற்கிறது. பார்க்கிறவருக்கு ஆசை வரத்தான் செய்யும். அந்த மீன் நம் நாட்டுக்கு வந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், இந்தக் கேள்விக்குப் பதில் தானாகவே கிடைத்துவிடும். கைக்காசும் மிஞ்சும்.

மலைக்கு வந்த விருந்தாளி

டிரவுட் நம் நாட்டு மீன் அல்ல. அதில் பழுப்பு டிரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. வானவில் டிரவுட் வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. நீலகிரியில் குடியேறிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு அங்கேயுள்ள குளிரும் ஓடையும் சொந்த ஊரை நினைவூட்டின. ஆனால் அவர்கள் தூண்டிலில் பிடித்துப் பழகிய மீன் அந்த ஓடைகளில் இல்லை. கொண்டுவந்து விட்டால் என்ன என்று நினைத்தார்கள்.

முதலில் முயன்றவர் பிரான்சிஸ் டே. சென்னை ராணுவத்தில் மருத்துவர். மீன்களைப் பற்றி ஆராய்ந்தவர். இந்திய மீன்களைப் பற்றிய பெரிய நூலைப் பிற்பாடு எழுதியவரும் இவர்தான். 1863ல் இங்கிலாந்திலிருந்து டிரவுட்டைக் கொண்டுவர முயன்றார். பலிக்கவில்லை. 1866ல் மறுபடியும் முயன்றார். அப்போதும் டிரவுட் நிலைக்கவில்லை.

மீனைப் பற்றி இவ்வளவு படித்தவருக்கே ஏன் கைகூடவில்லை? டிரவுட் முட்டை பொரிக்கும் நாள் தண்ணீரின் குளிர்ச்சியைப் பொறுத்தது. 10 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் வானவில் டிரவுட் முட்டை ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரிக்கும். குளிர்ச்சி கூடினால் நாள் நீளும். வெப்பம் மிஞ்சினால் முட்டை செத்துவிடும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869ல்தான். அதற்கு முன்னால் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட சரக்குக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நடுக்கோட்டு வெயிலைத் தாண்டித்தான் வரவேண்டும். பிறகு சமவெளியைக் கடந்து மலை ஏற வேண்டும். அத்தனை தூரமும் முட்டை குளிர்ச்சியிலேயே இருந்தாக வேண்டும். 1864ல் டாஸ்மேனியாத் தீவுக்கு டிரவுட் முட்டை உயிரோடு போய்ச் சேர்ந்தது. எப்படி? பாசிக்குள் பொதிந்து, கப்பலில் பனிக்கட்டி அறை கட்டி அனுப்பினார்கள். தூரத்தை ஜெயித்தது குளிர்ச்சிதான்.

நீலகிரியில் டிரவுட் வேரூன்றியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சென்னை மாகாண மீன்துறை 1907ல் பிறந்தது. அதற்கு வழிகோலியவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். உழவர்களுக்குக் கூட்டுறவுக் கடன் சங்கம் வேண்டும் என்று அறிக்கை எழுதிய அதே நிக்கல்சன்தான். அந்தக் காலத்தில் எச்.சி. வில்சன் என்ற மீன் வளர்ப்பு நிபுணர், அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை 1907ல் அமைத்தார். பழுப்பு டிரவுட் அங்கே நிலைக்கவில்லை. வானவில் டிரவுட் நிலைத்தது. அந்தப் பண்ணை இன்றும் தமிழக மீன்வளத் துறையின் கையில் இருக்கிறது.

அவலாஞ்சி கடல் மட்டத்துக்கு மேலே 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிற இடம் என்பதைக் கவனியுங்கள். டிரவுட்டுக்கு ஏற்ற தண்ணீர் 10 முதல் 18 டிகிரி வரை. 20ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும். காரணம் வெப்பம் மட்டுமல்ல, காற்றும்தான். 10 டிகிரி தண்ணீர் ஒரு லிட்டரில் சுமார் 11 மில்லி கிராம் பிராணவாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரி தண்ணீரில் ஏழரை மில்லி கிராம்தான் நிற்கும். டிரவுட் காற்றை அதிகமாகக் கேட்கிற மீன். நம் விராலைப் போல மேலே வந்து வாய் திறந்து காற்றைக் குடிக்கிற வித்தை அதற்குத் தெரியாது.

தக்கையும் ஈயமும்

ஓடையில் தண்ணீர் புரண்டு ஓடுவதால் மேலும் கீழும் கலந்துவிடும். அங்கே டிரவுட் பிடிக்கிறவர்கள் கரையில் நின்று, இறகால் செய்த பொய் ஈயைக் கட்டித் தூண்டில் வீசுவார்கள். ஆழமான ஏரியில் விஷயம் வேறு. வெயில் மேல்தண்ணீரைச் சூடாக்கும். சூடான தண்ணீர் இலேசானது. அது மேலேயே மிதக்கும். குளிர்ந்த தண்ணீர் கனமானது. அது அடியில் தங்கும். இரண்டுக்கும் நடுவே, சில மீட்டர் இறங்குவதற்குள் வெப்பம் சட்டென்று குறைகிற ஓர் அடுக்கு இருக்கும். கோடையில் டிரவுட் இந்த அடுக்கை ஒட்டித்தான் நிற்கும். மேலே சூடு, மிக ஆழத்தில் சில ஏரிகளில் காற்றே இருக்காது. ஆக, மீன் "ஏரியில்" இருக்கிறது என்று சொல்வதைவிட, ஏரியின் ஓர் அடுக்கில் இருக்கிறது என்று சொல்வதே சரி.

இது நம் ஊர்ப் பையன்களுக்குத் தெரியாததல்ல. தூண்டில் போடுகிறவன் தக்கையை நரம்பில் ஏற்றியும் இறக்கியும் கட்டுகிறானே, எதற்காக? கெளுத்தி அடியில் மேயும், அதற்கு முள் தரையைத் தொட வேண்டும். விரால் மேலே பாயும், அதற்கு முள் மேலாக நிற்க வேண்டும். தக்கைதான் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. நம் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற சென்னை மாகாண அதிகாரி 1887ல் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். ஏரித் தூண்டில் அவ்வளவு நுணுக்கமான கலை.

ஆனால் முப்பது நாற்பது மீட்டர் ஆழமுள்ள ஏரியில், ஓடுகிற படகிலிருந்து எப்படித் தூண்டில் போடுவது? தக்கை உதவாது. படகு போகப் போக நரம்பு மேலே கிளம்பிவிடும். இதற்குத்தான் டவுன்ரிக்கர் என்ற கருவி வந்தது. படகின் ஓரத்தில் ஒரு ராட்டை. அதில் கம்பிவடம். வடத்தின் நுனியில் நாலைந்து கிலோ ஈயக்குண்டு. எத்தனை அடி இறங்கியது என்று காட்ட ஓர் எண்ணி. தூண்டில் நரம்பைக் குண்டின் அருகே ஒரு கவ்வியில் மாட்டி, வேண்டிய ஆழத்துக்கு இறக்கிவிட்டுப் படகை மெதுவாக ஓட்டுவார்கள். மீன் கவ்வினால் நரம்பு கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். பிறகு குண்டின் பாரம் இல்லாமல் மீனை மட்டும் இழுக்கலாம். நம் கிணற்று ராட்டையும் தூண்டில் ஈயமும் சேர்ந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மிச்சிகன் ஏரியில் நடந்தது

இந்தக் கருவி பரவலானது அமெரிக்காவின் பேரேரிகளில். அந்தக் கதை நமக்கு முக்கியம். மிச்சிகன் ஏரியின் அதிக ஆழம் 281 மீட்டர். அங்கே ஏரி டிரவுட் என்ற சொந்த மீன் பெருகி இருந்தது; மீனவர்கள் அதை நம்பிப் பிழைத்தார்கள். கப்பல் போக வெட்டிய கால்வாய் வழியாகக் கடல் லாம்ப்ரே என்ற, மீனின் உடம்பில் ஒட்டிக்கொண்டு இரத்தம் உறிஞ்சுகிற பிராணி மேல் ஏரிகளுக்குள் புகுந்தது. 1936ல் மிச்சிகன் ஏரியில் அதைக் கண்டார்கள். அதன் தாக்குதலும் அளவுக்கு மீறிய பிடிப்பும் சேர்ந்து, 1950களுக்குள் அங்கே ஏரி டிரவுட் அநேகமாக அழிந்தே போனது.

பெரிய மீன் போனதும், அதே மாதிரி வெளியிலிருந்து புகுந்த ஏல்வைஃப் என்ற சின்ன மீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. 1967ல் அது கூட்டங்கூட்டமாகச் செத்துக் கரை ஒதுங்கி நாறியது. அதைத் தின்பதற்காக 1966ல் மிச்சிகன் மாநில அரசு பசிபிக் கடலோரத்து சால்மன் குஞ்சுகளை ஏரிக்குள் போகும் ஆறுகளில் விட்டிருந்தது. சால்மன் வளர்ந்தது. அதைப் பிடிக்க ஊரே படகோடு கிளம்பியது. ஆழத்தில் நிற்கிற அந்த மீனுக்காக டவுன்ரிக்கர் வீட்டுக்கு வீடு வந்தது.

சால்மன் விட்டது வெற்றி என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு மீன் தானாகப் புகுந்ததால் இன்னொன்றை விட வேண்டி வந்தது. அதற்காக ஆண்டுதோறும் செலவு. லாம்ப்ரேயைக் கட்டுப்படுத்த 1958 முதல் ஆறுகளில் மருந்து போடுகிறார்கள். இன்றும் நிறுத்த முடியவில்லை. கதவைத் திறந்தது ஒரு நாள். காவல் காப்பது ஆயுள் முழுக்க.

இது அமெரிக்காவில் மட்டும் நடக்கிற காரியம் என்று நினைக்காதீர்கள். நாம் ஜிலேபி என்று சொல்கிற திலேப்பியா 1952ல் நம் நாட்டுக்கு வந்தது. எந்தக் குட்டையிலும் பிழைக்கும், சீக்கிரம் பெருகும் என்று விட்டார்கள். அது உண்மைதான். அதனால்தான் இன்று பல ஏரிகளில் கெண்டையின் இடத்தை அது பிடித்துக்கொண்டிருக்கிறது. உலகில் மிக மோசமாகப் பரவும் அயல் உயிர்கள் நூறு என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் இந்தத் திலேப்பியாவும் இருக்கிறது, வானவில் டிரவுட்டும் இருக்கிறது. நம் மலையில் டிரவுட் அடங்கிக் கிடப்பதற்குக் காரணம் அதன் நல்ல குணம் அல்ல. கீழேயுள்ள வெப்பம் அதற்கு வேலி போட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

நம் ஏரியும் நம் குவாரியும்

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். நம் ஊர்த் தண்ணீரில் டிரவுட் பிழைக்காது. கோடையில் நம் ஏரித் தண்ணீர் 30 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். பச்சைமலை மேலே போனாலும் நீலகிரியின் உயரம் கிடையாது. குவாரிப் பள்ளம் ஆழமாயிற்றே, அடியில் குளிர்ந்துதானே இருக்கும் என்று கேட்கலாம். ஓரளவு குளிர்ந்திருக்கும், ஆனால் டிரவுட்டுக்குப் போதுமான குளிர்ச்சி அல்ல. அத்தோடு, அங்கே காற்று இருக்காது. செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே காற்றடித்துக் கலங்காத தண்ணீர் அடுக்கடுக்காக நிற்கும். அடியில் மக்கிய குப்பை பிராணவாயுவை எல்லாம் தின்றுவிட்டிருக்கும்.

டிரவுட்டை விடுங்கள். கட்லா, ரோகு, மிர்கால் விடுகிறவர்களும் கவனிக்க வேண்டியது இங்கேதான் இருக்கிறது. கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுத்தண்ணீரில், மிர்கால் அடியில். ஏரி, குட்டைகளில் 4:3:3 என்ற கணக்கில் விடச் சொல்வது இதனால்தான். ஒவ்வோர் அடுக்கின் தீனியும் வீணாகாது. சாதாரண ஏரி ஆழம் குறைந்தது. பகலில் சூடாகி இரவில் கலந்துவிடும். ஆழமான குவாரியில் அடி அடுக்கே செத்த தண்ணீர் என்றால், மிர்கால் எங்கே போய் மேயும்? மேலே வந்து மற்றதோடு போட்டி போடும். இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பல நாள் வெயிலுக்குப் பிறகு திடீரென்று மழையும் காற்றும் வந்தால் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்கும்; அடியிலிருக்கும் கெட்ட தண்ணீர் மேலே புரண்டு வரும். விடிந்து பார்த்தால் ஒரு வருஷப் பாடு வெள்ளை வயிறாக மிதக்கும். யாரோ விஷம் வைத்துவிட்டதாகப் பக்கத்து ஊரோடு சண்டைக்குப் போவோம். விஷம் வைத்தது ஆழம்தான்.

கயிறும் பாட்டிலும்

இதைத் தெரிந்துகொள்ள டவுன்ரிக்கர் வாங்க வேண்டாம். ஒரு கண்ணாடி பாட்டிலின் கழுத்தில் கல்லைக் கட்டுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் அதைத் தொங்கவிடுங்கள். பாட்டிலைத் தக்கையால் அடைத்து, தக்கைக்குத் தனியாக ஒரு நூல் கட்டுங்கள். வேண்டிய முடிச்சு வரை இறக்கியதும் நூலைச் சுண்டி இழுத்தால் தக்கை கழன்று, அந்த ஆழத்துத் தண்ணீர் பாட்டிலில் நிறையும். மேலே தூக்கியவுடன் வெப்பமானியை வைத்துப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். இரண்டு முடிச்சுக்கு நடுவே வெப்பம் சட்டென்று இறங்கினாலோ, அழுகிய முட்டை வாடை வந்தாலோ, அதற்குக் கீழே உங்கள் மீனுக்கு வீடு இல்லை என்று அர்த்தம். பரப்பளவை மட்டும் கணக்கிடாமல், உயிருள்ள அடுக்கைக் கணக்கிட்டுக் குஞ்சு விடுங்கள். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்தால், அன்றைக்குத் தீனியை நிறுத்திவிட்டு, மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சிக் காற்று ஏற்றுங்கள்.

குவாரி விளிம்பு சரியக் கூடியது. தனியாகப் போகாதீர்கள், பிள்ளைகளை அழைத்துப் போகாதீர்கள். பள்ளம் யாருடையது, அனுமதி உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். 2024ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த நம் கரைவெட்டி போன்ற பறவை ஏரிகளில் எந்த வெளி மீனையும் கொண்டுபோய் விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை யார் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை வளர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். காலை விட்டால் உடனே இழுத்துக்கொள்ளலாம். விட்ட மீனைத் திரும்ப எடுக்க முடியாது. குஞ்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் பாட்டிலை இறக்கிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் பக்கத்து மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள்.